ஏற்றி இறக்கும் உத்தியோகம்

தண்ணீரை மலைமேல் ஏற்றுவதும், ஏற்றியதைக் கீழே இறக்கிவிடுவதும்தான் என் உத்தியோகம். சிரிக்காதீர்கள். காலையில் மேஜையைவிட்டுப் போன ஃபைல் சாயந்தரம் அதே மேஜைக்குத் திரும்பி வரும் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு என் நிலைமை புரியும்.

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சரிவு. கீழூரில் ஓடையை மறித்த குட்டை, மேலூரில் தரையோடு கட்டிய பெரிய தொட்டி. பகலில் சோலார் தகடுகள் தரும் மின்சாரத்தில் மோட்டார் ஓடி, குட்டைத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும். சூரியன் கைவிரித்ததும் அதே தண்ணீர் குழாயில் இறங்கி டர்பைனைச் சுற்றி, சாயந்தரமானால் சோர்ந்துபோகும் எங்கள் லைனுக்குத் தெம்பு கொடுக்கும். பேட்டரிக்குப் பதில் மலை, அவ்வளவுதான். கோடை முழுக்கச் சோதனை ஓட்டம். இரு ஊரிலும் ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை விளக்கு எரிந்தால் திட்டம் நிலைக்கும். இல்லாவிட்டால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தொட்டியிலிருந்து ஒரு சொட்டுகூட யாரும் எடுக்கக்கூடாது என்பது கம்பெனி உத்தரவு.

விளக்கக் கூட்டம்

முதல் நாள் படம் போட்டு, தொண்டை வறள விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ஒரே பெருமை. கடைசியில் கீழூர் அண்ணாமலை எழுந்தார். சாமை விவசாயி, ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

"ஏன் சார், எறக்கத்தான் ஏத்துறீங்கன்னா, தண்ணிய கீழயே வுட்டுட்டு நீங்க வூட்டுக்குப் போய்ட்டு வரலாமே?"

நல்ல களம்

புளி உலுக்கும் பருவம். ஒரு மத்தியானம், வெயில் கொளுத்தும்போதே மோட்டார் முக்கியது. ஒயர், ஸ்விட்ச், வால்வு என்று ஒன்று விடாமல் பார்த்தேன். கோளாறு பிடிபடவில்லை. கடைசியில் சோலார் தகடுகள் பக்கம் போனால், கறுப்புத் தகடு கண்ணில் படவே இல்லை. ஓடு நீக்கிய புளியைச் சீராகப் பரப்பி, மேலூர் முனியம்மா கையால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். நான் கத்திய கத்தலுக்கு வேறு யாராவது ஓடியிருப்பார்கள்.

"நல்லா சூடேறுற களமா போட்டு வெச்சிருக்கீங்க, ஒரு புளிகூட காய வெக்கல. வெயிலு வீணாப் போவுது சார்!"

தொட்டி மூடி

சித்திரையில் மேலூர் ஊற்று வற்றியது. பெண்கள் கீழூர்க் குட்டைக்கு இறங்கி, குடத்தோடு மலையேறினார்கள். அதே பாதையின் ஓரமாகத்தான் எங்கள் குழாய். தண்ணீர் சுகமாக ஏறிப் போக, பக்கத்திலேயே அவர்கள் மூச்சு வாங்கி ஏறுவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் முனியம்மா தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கி வாளியை விட்டார். அவருடைய பசு கன்று ஈன்றிருந்தது. நான் உத்தரவை ஒப்பித்தேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டபின், அவசரமாக ஏதோ ஒரு வால்வைப் பார்க்கப் போய்விட்டேன்.

"கரண்டுக்காவ இவ்ளோ தண்ணி மேல ஏறுது. கன்னு போட்ட மாட்டுக்கு ஒரு வாளி ஏறக்கூடாதா? நீயே சொல்லு சார்."

இருட்டில் சாப்பாடு

ஒரு வாளி பல வாளியானது. மேலூரில் மாடு வைத்திருப்பவர் முனியம்மா ஒருவரா என்ன? ஒருநாள் சாப்பாட்டு நடுவிலேயே இரு ஊரும் இருண்டது. மறுநாள் காலை அண்ணாமலை நாலைந்து பேரோடு ஏறி வந்தார். சண்டைதான் என்று மூடியின்மேல் ஏறி நின்றுகொண்டேன். மாடு, வாளி என்று நான் உளறிக்கொட்டியதைக் கேட்டுவிட்டு, அவர் தொட்டியோரம் நின்ற முனியம்மாவின் கன்றை முதுகில் தடவிக்கொடுத்தார். அன்று முதல் இரண்டு ஊரிலும் பொழுதோடு உலை ஏறியது, விளக்கும் சீக்கிரமே அணைந்தது. அன்று அண்ணாமலை சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

"சோத்த நாம முன்னாடியே துன்னுக்கலாம் சார். மாட்டுக்குத் தாகம் எப்ப எடுக்கணும்னு நாம சொல்ல முடியுமா?"

ஆவி

கோடை முடிவில் சென்னையிலிருந்து பெரிய இன்ஜினியர் வந்தார். ஏறிய தண்ணீருக்கும் இறங்கிய தண்ணீருக்கும் கணக்கு இடித்தது. மீதி எங்கே என்றார். "வெயில் சார், ஆவியாயிடுது" என்றேன். மூடி போட்ட தொட்டியை அவர் ஒரு பார்வை பார்த்தார். சொல்லிவைத்தாற்போல் முனியம்மாவின் பசு கன்றோடு வந்து, தொட்டியோரம் இருந்த அண்டாவில் வாயை வைத்தது. முனியம்மா மூடியைத் தூக்கி இன்னொரு வாளி ஊற்றினார். என் வேலை போயிற்று, கூடவே திட்டமும் போயிற்று என்று நினைத்தேன். பசு குடித்து முடித்ததும் இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார்.

"சாப்பாடு முடியிறவரை விளக்கு எரியுதா?" என்றார். "எரியுது சார், சீக்கிரம் சாப்ட்டுடறாங்க" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"திட்டம் இருக்கட்டும். ஆவியாகிற தண்ணிக்கு ஒரு குழாய் வெச்சுடுங்க, மூடியத் தூக்கித் தூக்கி அந்தம்மாவுக்கு இடுப்பு போயிடும்."

மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் வேலையை மலை பார்த்துக்கொள்கிறது, அன்பர்களே. மாட்டுக்கும் மேலதிகாரிக்கும் நடுவில் நிற்கத்தான் எனக்குச் சம்பளம்.