கொம்பு அறுத்த அன்று

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தக்காளித் தோட்டமும் இரண்டு பசுக்களும் உண்டு. நான்கு வருடங்களுக்கு முன் பெரிய பசுவின் கொம்பு வளைந்து கண்ணோரம் குத்த ஆரம்பித்தது. ஊரூராகப் போய் மாட்டு வைத்தியம் பார்க்கும் ஒருவரைக் கணவர் அழைத்து வந்தார். அந்த வைத்தியர் நாலு காலையும் கட்டிச் சாய்த்து, ஊசி எதுவும் போடாமலே கொம்பை அறுத்தார். அது கத்திய கத்தலைத் தாங்க முடியாமல் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு வைத்தியருடைய வண்டிச் சத்தம் ரோட்டில் கேட்டாலே அந்தப் பசு தீனியை விட்டுவிட்டுக் கொட்டகை மூலைக்குப் போய்விடும். வேறு எந்த வண்டிக்கும் அசையாது.

போன தை மாதம் சின்னப் பசு கல்தூணில் மோதிக் கொம்பை உடைத்துக்கொண்டது. பாதி ஒடிந்து ரத்தத்தோடு தொங்கியது. மறுபடியும் அவரே வந்தார். அவர் கயிற்றை எடுத்ததும் நான் குறுக்கே நின்றேன்.

"மரத்துப்போற ஊசி போட்டுட்டு அறுங்க."

"எதுக்குங்கக்கா? மாட்டுக்கு நம்மள மாதிரி வலி தெரியாது. பயத்துல கத்தும், அவ்ளோதான்."

"பெரிய மாடு உங்க வண்டிச் சத்தத்துக்கு ஓடி ஒளியுதே, அது என்ன?"

"அது பழக்கம்ங்க. யோசிச்சா பண்ணுது?"

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் சிரித்தார். கணவர் என் கையைப் பிடித்து, "வுடு, அவரு வேலயப் பாக்கட்டும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பிரசவத்துல நான் கத்தினப்பவும் ஒரு நர்சம்மா இதேதான் சொன்னாங்க. வலியெல்லாம் இல்ல, பயத்துல கத்தறேனாம். என் வலி அவங்களுக்கு எப்பிடிங்க தெரியும்? எனக்கு வாய் இருந்துச்சு, திருப்பித் திட்டினேன். இது திட்டலைன்னா வலிக்கலைன்னு ஆயிடுமா? ஊசி இல்லாம மாட்டைத் தொட வுட மாட்டேன்."

கணவர் என் கையை விட்டுவிட்டார். வைத்தியர் முணுமுணுத்தபடி பாலக்கோடு வரை போய் மருந்தோடு திரும்பினார். கண்ணுக்கும் கொம்புக்கும் நடுவில் ஊசி போட்டு, மரத்துப்போகும் வரை காத்திருந்து அறுத்தார். பசு ஒருமுறை தலையை உதறியது. கத்தவே இல்லை. நான் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு கடைசி வரை பக்கத்திலேயே நின்றேன்.

கிளம்பும்போது, "இருந்தாலும் மாட்டுக்கு மனசு இருக்குன்னு நான் ஒத்துக்க மாட்டேங்க" என்றார்.

"நீங்க ஒத்துக்க வேணாம். வலிக்காம அறுத்தாப் போதும்."

அதன் உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்கும் முழுதாகத் தெரியாதுதான். தெரியாதபோது, ஒன்றுமே இல்லை என்று முடிவு செய்து அறுக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

ஊரில் இப்போது எனக்கு ஊசிக்காரி என்று பட்டப்பெயர். எந்த வீட்டில் கொம்பு அறுத்தாலும் நான் போய் நிற்கிறேன்.