முகம் அசையாத நடிப்பு

திருத்தணியில் பழைய ஐரோப்பியக் கலைப்படம் பார்க்கிறவர்கள் மொத்தமும் ஒரே ஆட்டோவில் அடங்கிவிடுவோம். மலைக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு விடுதியின் மாடிக் கூடத்தில் ஞாயிறு மதியம் படம் போடுவோம். கிருத்திகை வந்தால் அங்கே காவடி எடுப்பவர்கள் படுத்திருப்பார்கள். அன்று உலக சினிமாவுக்கு விடுமுறை.

எங்கள் சங்கத்தில் ஒரு நடிகரைப் புகழ ஒரே வழிதான் உண்டு. "ஆள் ஒன்றுமே செய்யவில்லை, கவனித்தீர்களா?" எவ்வளவுக்கு ஒன்றும் செய்யவில்லையோ அவ்வளவுக்குப் பெரிய கலைஞர். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் மனைவி செத்துப்போன செய்தி வருகிறது. கணவன் ஆப்பிளின் தோலைச் சீவிக்கொண்டே இருக்கிறான். தோல் கடைசிவரை அறுந்து போகவில்லை. அதைப் பற்றி மட்டும் டீ ஆறும்வரை பேசினோம். நம்மூர் நாயகர்களோ அம்மா செத்தால் கோயில் மணியெல்லாம் ஆடும்படி கத்துகிறார்கள். அவர்களைத் திட்டாமல் எங்கள் கூட்டம் கலைந்ததில்லை. திட்டுவதில் முதல் ஆள் நான்.

போதாததற்கு அந்த முகத்தை நானே பழகிக்கொண்டேன். கரண்ட் போனாலும் ரசத்தில் உப்பு இல்லாவிட்டாலும் ஒரே முகம். என் மனைவி அதை வாய்வுத் தொல்லை என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தாள். ரசனை இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

போன வருடம் என் வலது கண்ணில் பாதிப் பார்வை மறைந்தது. விழித்திரை பிரிந்துவிட்டது, அறுவை செய்தாலும் பார்வை திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இடது கண் ஏற்கெனவே சுமார்தான். நன்றாகப் பயந்தேன், ஆனால் பயப்படுவதையும் அதே முகத்தோடுதான் செய்தேன். மனைவிதான் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, பார்வை வந்தால் முடி தருவதாக வேண்டிக்கொண்டாள். இடுப்பைத் தொடும் முடி. வேறு எதற்கும் அவள் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அறுவை நடந்தது, பார்வையும் வந்தது. சில வாரங்களில் சுவர்க் காலண்டரின் சின்ன எழுத்தும் தெரிந்தது. அவள் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.

திரும்பி வந்து வாசலில் நின்றாள். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். அவள் காதுகள் அவ்வளவு பெரியவை என்று அன்றுதான் தெரிந்தது.

"இன்னாங்க, எப்டி கீறேன்?" என்றாள்.

அவளை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது. இதைத்தான் சொல்லாமல் சொல்ல வேண்டும், இதற்காகத்தானே இத்தனை வருடம் படம் பார்த்தோம் என்று அவளைப் பார்த்தபடி ஒன்றும் செய்யாமல் இருந்தேன். இமைகூட அசையவில்லை. என் வாழ்நாளின் சிறந்த நடிப்பு அது.

அவள் சிரிப்பு மெல்லப் போய்விட்டது. என் முகத்துக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அப்போதும் நான் அசையவில்லை.

"டேய், இங்க வாடா. பாத்துகினுதான் கீறாரு, ஆனா தெரியல போலகீது."

மச்சினன் ஓடிவந்து விரல்களை நீட்டினான். "பாவா, இது எத்தினி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். மலைப் பக்கம் திரும்பி, "முடியத்தான் குடுத்துட்டேனே முருகா, கண்ணையும் எடுத்துகினியா?" என்று கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள்.

"தெரியுதுடி," என்றேன். "அவன் ரெண்டு விரல காட்டறான். உன் தலைல சந்தனம் கீது. காதுக்குப் பின்னால ஒரு மச்சம் கீது, இத்தினி நாளா முடி மறைச்சுகினு இருந்தது."

வாய்விட்டு அழுதேன். தெருவில் போனவர்கள் நின்று பார்க்கும்படி அழுதேன்.

அவள் எழுந்து வந்து முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தாள். அவள் கன்னத்தில் ஓடியதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"அழுவாதீங்க," என்றாள். "கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிகீறாரு."