முக்குளிப்பானும் மீசையும்

அப்போதெல்லாம் ஒத்தக்கடைக் கண்மாய்க்கரையில் மாலை ஐந்தரைக்கு அவரைப் பார்க்கலாம். ஆபீஸ் பேண்ட், தூசி படிந்த செருப்பு, கழுத்தில் கேமரா. எங்கோ கிளார்க் வேலை. அது முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து பறவைகளைப் படமெடுப்பார்.

கொஞ்ச நாளாகக் கேமரா கழுத்தில் தொங்கியதோடு சரி. அன்று பத்தடி தூரத்தில் ஒரு முக்குளிப்பான் தண்ணீருக்கு மேலே தலைதூக்கியது. அவர் சும்மா நின்றார்.

“எடுக்கலையாண்ணே?” என்றேன்.

“ஒரு தப்புப் பண்ணிட்டேன் தம்பி. எடுத்த படத்த ஆபீஸ்ல காட்டிப்புட்டேன். இம்புட்டு நல்லா எடுக்குறீகளேன்னாங்க. அன்னைலருந்து லீவு நாள் பூராம் அவுக வீட்டுக் காதுகுத்து, வளைகாப்பு. மேனேஜரு மச்சினன பிளெக்ஸுக்காக நாலு தடவ எடுத்தேன், மீசை சரியா விழலைன்னு. இப்ப கேமராவக் கண்ணுல வச்சா குருவி தெரியல, அவன் மீசைதான் தெரியுது.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. அவரைக் கேட்கத்தான் அன்று கரைக்கே போயிருந்தேன். கேட்காமல் திரும்பினேன் என்று எழுத ஆசைதான். கேட்டேன்.

“எத்தன மணிக்குத் தம்பி?” என்றார்.

படங்கள் நன்றாகவே வந்திருந்தன. அதற்குப் பிறகு கண்மாய்ப் பக்கம் அவர் வருவதில்லை.