கிணறு உள்ள காணி

போன செவ்வாய்க்கிழமை என் மகள் பள்ளி விட்டு வீட்டுக்கு வரவில்லை. நான்கு மணிக்கு வந்துவிடுகிறவள். தொலைபேசியும் எடுபடவில்லை. அவளுடைய தோழிகளின் தாய்மாரை ஒவ்வொருவராக அழைத்துக் களைத்து, லண்டன் ஸ்ட்ரெதம் பெருந்தெருவில் பேருந்துத் தரிப்பிடம் தரிப்பிடமாகத் தேடி நடந்தேன். ஆறு மணிக்கு, நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான பகுதியில், குள்ள நாற்காலி ஒன்றில் முழங்காலை மடித்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த இன்னொரு குள்ள நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"சாரி அம்மா, போன்ல சார்ஜ் இல்ல. இங்க க்வயட்டா இருக்கு, அதான்" என்றாள்.

இரண்டு வாரங்களுக்கு முன் என் மச்சாள், கணவரின் தங்கை, புருஷனோடும் இரண்டு குழந்தைகளோடும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை என்று பேச்சு. மகளிடம் அவளுடைய அறையைக் கேட்டேன். "ஓகே அம்மா" என்று தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தம்பியின் அறைக்குப் போய்விட்டாள். எவ்வளவு நல்ல பிள்ளை என்று நான் தொலைபேசியில் எல்லோருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அவள் மடியில் வரலாற்றுப் புத்தகம் திறந்திருந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் குடியேறிகள் நிரப்பிய கதை. ஒரே நிலத்தின் நான்கு வரைபடங்கள் அருகருகே. முதலாவதில் பூர்வகுடிகளின் நிலம் என்று பச்சை அடித்த பகுதி படத்தில் பாதிக்கு மேல் பரந்து கிடந்தது. நான்காவதில் அது கை உதறியபோது தெறித்த சில துளிகள். அந்தப் பாடம் எனக்குத் தெரியும். நான் அதைப் படித்தது புத்தகத்தில் அல்ல, பள்ளி முற்றத்தில், ஓடி.

அப்போது எனக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து ஏழு மாதம். கோலியர்ஸ் வுட்டில் பெரியப்பாவின் வீட்டில் இருந்தோம். மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையான தம்பி. மற்றதில் பெரியப்பாவும் பெரியம்மாவும் அவர்களுடைய ஒரே மகளும். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள், எனக்கு அக்கா. எங்கள் அறையின் சுவரில் யாரோ ஒட்டிய குதிரைப் படங்கள் இருந்தன. கதவு நிலையில் பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. இங்கிலாந்தில் எல்லா அறைகளும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

காலையில் கதவுத் துவாரத்தில் கடிதம் விழும் சத்தம் கேட்டால் அப்பா பல் துலக்குவதை நிறுத்திவிடுவார். நாங்கள் இந்த நாட்டில் இருக்கலாமா இல்லையா என்று ஒரு தாள் வரவேண்டியிருந்தது. தாள் வந்தால் வீடு பார்க்கலாம் என்று அம்மா சொல்லுவாள். ஆகவே உலகத்தில் இடம் என்பது தாளாகத்தான் வருகிறது என்பது எட்டு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஆசிரியர் ஒல்லியான, நெடிய மனிதர். பிள்ளைகளை உட்காரவைத்து எதையும் கற்பிக்க அவருக்கு மனம் வராது. ஒரு நாள் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து முற்றத்துக்குக் கூட்டிப் போனார். சாப்பாட்டு மண்டபச் சுவர் அட்லாண்டிக் கடல், சைக்கிள் கொட்டில் பசிபிக் கடல் என்றார். குறுக்கே நீளக் கயிறு ஒன்றைப் போட்டார். கயிற்றுக்கு மேற்கே ஏற்கெனவே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள், அவர்களாக யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு கைகூட எழவில்லை. எல்லோருக்கும் ஓடிப்போய்க் காணி பிடிக்கத்தான் ஆசை. அக்கா கையைத் தூக்கினாள். அவள் எதற்கும் கை தூக்குகிறவள். அவளைப் பார்த்து இன்னும் ஏழு பேர் தூக்கினார்கள். அவர்களுக்கு உடற்பயிற்சிப் பாய் ஆளுக்கொன்று கொடுக்கப்பட்டது. அதுதான் வீடு.

எனக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கும். மிச்சத்தை, கயிற்றைத் தாண்டிப் போகுமுன், அக்காதான் சொல்லித் தந்தாள்.

"கொடியை நட்டுட்டு அஞ்சு வருசம் அங்கேயே இருந்தா அந்தக் காணி உனக்கு. ஒவ்வொரு வருசத்துக்கும் சேர் ஒரு விசில் ஊதுவார். முடிய பேப்பர் தருவார்."

"உண்மையான பேப்பரோ?"

"ஓம். கையெழுத்துப் போட்டு."

அதற்குமேல் எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. ஆசிரியர் ஒரு தாளை உரத்து வாசித்தார். கயிற்றுக்கு மேற்கே உள்ளதெல்லாம் என்றென்றைக்கும் உங்களுடையது என்று பாய்க்காரருக்கு வாக்களித்துவிட்டு, கயிற்றைத் தூக்கிப் பத்தடி மேற்கே போட்டார். பாய்க்காரர் பாயை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். மறுபடி தாள், மறுபடி என்றென்றைக்கும், மறுபடி பத்தடி. மூன்றாம் முறை சிலர் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. பாய்க்காரர் காலி செய்த தரையில் அவர் சுண்ணக்கட்டியால் பெட்டி பெட்டியாகக் கீறிக்கொண்டு போனார். கடைசிப் பெட்டிகளைக் கயிற்றுக்கு அப்பாலும் கீறினார். ஓடி வரப்போகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல, பலர் தங்கள் நாட்டில் நிலமில்லாமல் பட்டினி கிடந்து கப்பலேறியவர்கள் என்றும் சொன்னார். எங்களைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

என் கண்ணெல்லாம் பெட்டிகளில் இருந்தது. கடைசி வரிசையில் ஒரு பெட்டியின் நடுவே வட்டமான இரும்பு மூடி ஒன்று தெரிந்தது. கிணறு. கிணறில்லாத காணியை எங்கள் ஊரில் சும்மா கொடுத்தாலும் ஒருவரும் வாங்கமாட்டார்கள். இந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லையே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஓடுவதற்கான விசில் ஊதியதும் கயிறு சைக்கிள் கொட்டில் வரைக்கும் போனது. நாங்கள் ஓடினோம். ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிய காகிதக் கொடியுடன் நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது இரும்பு மூடியின்மேல் பாயைப் போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். மற்ற ஏழு பேரும் கொட்டிலடியில் குவிந்துவிட்டார்கள். அவள் மட்டும் நகரவில்லை.

"அக்கா, எழும்பு. இது என்ர காணி."

"நான் முதலே இஞ்ச இருந்தனான்."

"விசில் ஊதியாச்சு. கயிறு அங்கால போட்டுது. நீதானே சட்டம் சொன்னனி?"

அவள் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இதையும் எடுக்கப் போறியோ?" என்று கேட்டாள்.

பாயைச் சொல்கிறாள் என்று நினைத்து, "பாய் வேண்டாம், நீயே கொண்டு போ" என்று பெருந்தன்மையோடு சொன்னேன். அவள் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள். நான் கொடியை மூடியின் ஓட்டையில் செருகினேன்.

பக்கத்துக் காணிக்காரன், முகமெல்லாம் புள்ளி விழுந்த ஒரு பையன், எட்டிப் பார்த்து, "அது சாக்கடை மூடி" என்றான். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

மூன்று வருடம் முடிந்ததும் மழை பிடித்தது. எல்லோரும் காணிகளை விட்டுவிட்டு மண்டபத்துக்குள் ஓடினார்கள். நான் போகவில்லை. இன்னும் இரண்டு வருடம் இருந்தது. சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியது. யன்னல்களில் முகங்கள் ஒட்டிச் சிரித்தன. அக்காவின் முகத்தை மட்டும் அங்கே காணவில்லை. ஆசிரியர் குடையோடு வந்து உள்ளே வரும்படி கூப்பிட்டார். நான் இரண்டு விரல்களைக் காட்டினேன். அவர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். பிறகு விசிலை எடுத்து, கொட்டும் மழையில், எனக்காக மட்டும் இரண்டு தரம் ஊதினார்.

ஆசிரியர் கையெழுத்துப் போட்டுத் தந்த தாளை அன்று பின்னேரம் அப்பாவிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டுப் பெரியப்பாவிடம் கொடுத்தார். பெட்ரோல் நிலையத்து ஷிப்டுக்குப் புறப்பட்டு நின்ற பெரியப்பா அதை அரசாணை மாதிரி வாசித்தார்.

"நூற்றறுபது ஏக்கர்! கிணறும் இருக்காம். தம்பி, உன்ர மோள் உன்னைவிடக் கெட்டிக்காரி. நாளைக்கே எல்லாரும் வெளிக்கிடுவம்."

"நீங்களும் வாங்கோ அண்ணை, ஒரு மூலை தாறம்" என்றார் அப்பா. மாதக்கணக்கில் சிரிக்காத அப்பா அன்று சிரித்தார். பெரியம்மாவும் சிரித்தாள், ஆனால் கண் அக்காவின் பக்கம் ஒரு தரம் போய் வந்தது.

அம்மா தாளை எங்கள் அறைச் சுவரில் ஒட்டினாள். இடம் காணாமல் ஒரு குதிரைப் படத்தை உரித்து எடுக்க வேண்டியிருந்தது. அக்கா வாசலில் நின்றாள். கதவு நிலையின் பென்சில் கோடுகளுக்குப் பக்கத்தில் நின்றபோது எல்லாவற்றுக்கும் மேலிருந்த கோடு அவளுடைய காதளவில் இருந்தது.

"என்ன பிள்ளை?" என்று கேட்டாள் அம்மா.

"ஒண்டுமில்லை சித்தி."

அந்தக் குதிரையை வாங்கிக்கொண்டு அவள் படிக்கட்டுக்குப் போனாள். மேலிருந்து மூன்றாவது படிதான் அவளுடைய இடம். வீட்டுப்பாடம் எழுதுவது, கதைப்புத்தகம் வாசிப்பது, சில நாள் சாப்பிடுவதுகூட அங்கேதான். நாங்கள் ஏறி இறங்கும்போது முழங்காலை ஒடுக்கி வழி விடுவாள். இரண்டரை வருடம் அந்த வீட்டில் இருந்தோம்.

அக்கா இப்போது கனடாவில், நேற்றுவரை சோளம் விளைந்த வயலில் எழுந்த புதுக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறாள். நான்கு அறை வீடு. யார் விருந்துக்குப் போனாலும் வரவேற்பறையில்தான் படுக்கை, அவளுடைய மகளின் அறையை மட்டும் ஒருவருக்கும் திறந்துவிடமாட்டாள். கனடா போய்க் கை இறுகிவிட்டது என்று குடும்பத்தில் பகிடி பண்ணுவோம். அதிகம் பண்ணியது நான்தான்.

புதன்கிழமை காலையில் மச்சாளிடம் கீழே முன்னறைக்கு மாறும்படி கேட்டேன். அவள் முகம் வாடியது. அவளுடைய மூத்த பெண், என் மகளின் மேசையில் தன் பொம்மைகளை வரிசையாக அடுக்கிவைத்திருந்தாள். அவற்றை நானே ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டேன். அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றது. அவர்களுக்கும் போக வேறு இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை அழைத்தேன். நூலகத்தில் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பள்ளி முற்றம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். விசில் நினைவிருந்தது, மழை நினைவிருந்தது. பிறகு கேட்டேன்.

"அந்தப் படிக்கட்டில ஏன் எந்த நேரமும் இருந்தனி?"

மறுமுனையில் அவள் சிரித்தாள். மன்னித்து எத்தனையோ வருடங்களாகிவிட்ட சிரிப்பு.

"வேற எங்கயடி இருக்கிறது? அதுவும் என்ன குளிர் தெரியுமோ?"

அவளுக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து வாசிக்கப் பிடிக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.