பேண்டு செட்டு அருணா

புதுவாயல் கூட்டுச்சாலையில் பஞ்சர் கடைக்கும் கோழிக் கடைக்கும் நடுவே ஷட்டர் போட்ட ஓர் அறை இருக்கிறது. அப்பாவு மாஸ்டரின் பேண்டு செட்டு அங்கேதான் ஒத்திகை பார்க்கும். அருணா முதல் தடவை அதற்குள் எட்டிப் பார்த்தபோது கம்பெனிச் சீருடையில் இருந்தாள். கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஷிப்டு பஸ் அவளைக் கூட்டுச்சாலையில் இறக்கிவிடும். பெரியபாளையம் சாலையில் உள்ள புருஷன் ஊருக்கு அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆட்டோவுக்காக நிற்கும் நேரத்தில் தினமும் அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தது.

உள்ளே மூலையில் யூபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் ஒன்று சாக்கு போர்த்திக் கிடந்தது. அதை ஊதிக்கொண்டிருந்தவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று மாஸ்டர் சொன்னார். அதை ஒரு தடவை ஊதிப் பார்க்கலாமா என்று அருணா கேட்டாள். டிரம்பெட் வாசிக்கும் துலுக்காணம் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. சாக்கை எடுத்துப்போட்டு, வாய் வைக்கும் இடத்தைத் துண்டால் துடைத்துக் கொடுத்தார்.

அவள் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடம். அங்கே பெண்கள் பேண்டு இருந்தது. வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் யாரும் விரும்பாத அந்தப் பெரிய வாத்தியம் அவள் கைக்கு வந்தது. மற்றவர்கள் பாட்டு வாசிக்க, இவள் பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சத்தத்தை வாசித்தாள். முதல் வருஷம் அதற்காக அழுதாள். அடுத்த வருஷம் வேறு எதைக் கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டாள். பள்ளி முடிந்த பிறகு தொடுவதற்குக்கூட ஒன்று கிடைக்கவில்லை. வேலை, கல்யாணம் என்று வருஷங்கள் போயின.

அன்று உதடு சரியாக உட்காரவில்லை. இரண்டு தடவை காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை சத்தம் வந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு வருவாளா என்று மாஸ்டர் அப்போதே கேட்டார்.

புருஷன் பரத் சிப்காட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவனுக்கு ஆட்சேபம் இல்லை. மாமனார் மணவாளனுக்கு இருந்தது. அவர் நெல் விவசாயி, சொந்த நிலம், ஊர்க் கூட்டத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. பெண் தெருவில் நின்று வாசிப்பதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது சாவுக்குப் போகும் செட்டு என்பதுதான் அவருக்கு உறுத்தியது. கடைசியில் மாமியார் முத்தம்மாள் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னாள். கல்யாணம், கோயில் இரண்டுக்கு மட்டும் போகட்டும், சாவுக்குப் போக வேண்டாம். அருணா ஒப்புக்கொண்டாள். மாஸ்டரும் ஒப்புக்கொண்டார். அவளுக்கென்று ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு தைத்தார்கள். சுடிதார் மேல் அதைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போனாள். ஆடி மாதத்தில் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களுக்கு முன்னால் நடந்தாள். கோடையில் பித்தளை சுட்டுக் கை கொப்புளித்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவர் துலுக்காணம். வாய் ஓயாத மனிதர். அவள் ஊதுவது உறுதியாக இருப்பதால் தான் நடுநடுவே மூச்சு வாங்கிக்கொள்ள முடிகிறது என்று எல்லோரிடமும் சொல்வார். அவர் மனைவி குப்பாயி, வெளியூர்க் கல்யாணங்களுக்கு அருணாவுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுத்தனுப்புவாள்.

தை மாதம் ஒரு காலையில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த துலுக்காணம் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அருணாவுக்குச் செய்தி வந்தபோது கம்பெனியில் இருந்தாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராகச் சாவு வீட்டுக்குப் போனாள். பெண்களோடு உட்கார்ந்து அழுதாள். செட்டு ஆட்கள் வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அவளை வாசிக்கக் கூப்பிடவில்லை. குப்பாயிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அவருக்கு நீயும் வாசிம்மா. நீ இல்லாம அவரு இன்னா பண்ணுவாரு?"

அருணா எழுந்து போய், செட்டு வண்டியில் கிடந்த யூபோனியத்தை எடுத்துக்கொண்டாள். தெருமுனை வரைதானே என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் பெண்கள் போவது வழக்கமில்லை.

டிரம்பெட் இல்லாததால் மாஸ்டர் கிளாரினெட்டில் பாட்டை எடுத்தார். அவரும் துலுக்காணமும் சிறு வயதிலிருந்து ஒன்றாக வாசித்தவர்கள். பாதித் தெரு போவதற்குள் அவருக்கு உதடு நடுங்க ஆரம்பித்தது. அழுகிறவனால் கிளாரினெட் ஊத முடியாது. சத்தம் கீச்சென்று உடைந்தது; இன்னொரு தடவை முயன்றார், அதுவும் உடைந்தது. கிளாரினெட்டை இறக்கிக்கொண்டார். டிரம்மும் அருணாவின் அடிச் சத்தமும் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

அருணா பாட்டை எடுத்தாள். அதுவரை எந்த ஊர்வலத்திலும் அவள் பாட்டு வாசித்ததில்லை. கேட்டுக் கேட்டு மனப்பாடமான ராகம்தான். விரல்கள் முதலில் தடுமாறிப் பிறகு பிடித்துக்கொண்டன. அந்தக் கனத்த குரலில் அது யாரோ ஆண் பிள்ளை தொண்டைக்குள் பாடுவது போல இருந்தது. கூட வந்தவர்களின் பேச்சு நின்றது. தெருமுனை வந்தது. பெண்கள் எல்லோரும் நின்றார்கள். பாட்டு பாதியில் இருந்தது. அருணா நிற்கவில்லை. சுடுகாட்டு வாசலில் பாடையை இறக்கும் வரைக்கும் வாசித்தாள்.

யாரோ அதைப் போனில் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருந்தார்கள். அவள் வீடு சேர்வதற்கு முன்பே ஊரில் பாதிப்பேர் பார்த்துவிட்டார்கள். மணவாளன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முத்தம்மாள் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருந்தாள்.

"சாவுக்குப் போமாட்டேன்னு சொல்லிக்கினு இருந்த. இப்ப சுடுகாடு வரிக்கும் போய் வந்துக்குற" என்றார்.

"ஆமா மாமா. போய்ட்டேன்."

"தெருமுனையில நின்னுருக்கலாம் இல்ல?"

"பாட்டு முடியல மாமா. நா நிறுத்தியிருந்தா வெறும் டிரம்மோட போயிருப்பாரு."

மணவாளன் எழுந்து உள்ளே போனார். முத்தம்மாள் குடத்தை அவள் தலையில் கவிழ்த்தாள். ஈரத்துணியோடு நிற்காமல் போய் மாற்றிக்கொள்ளச் சொன்னாள். அவ்வளவுதான் அன்று நடந்தது.

அதன் பிறகு மாமனார் அவளிடம் பேசுவதை விட்டுவிட்டார். காப்பி கொடுத்தால் வாங்கிக்கொள்வார், முகத்தைப் பார்க்க மாட்டார். அறுவடை முடிந்து நெல் விற்ற சேதியையும் பரத்திடம்தான் சொன்னார். புதுவாயலில் வாடகைக்கு வீடு பார்க்கலாமா என்று பரத் கேட்டான். அவர் போகச் சொல்லவில்லையே, நாமாக ஏன் போக வேண்டும் என்றாள் அருணா. சாவு வீடுகளிலிருந்து, அந்தப் பெண்ணும் வருமா என்று மாஸ்டருக்கு விசாரிப்பு வந்தது. வராது என்று அவளே சொல்லச் சொன்னாள். துலுக்காணத்துக்கு வாசித்தது வேறு, இது வேறு என்று அவள் நினைத்தாள். அப்படிச் சொல்லும்படி வீட்டில் யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஆனியில் மணவாளனின் அக்கா அதே ஊரில் காலமானாள். வயதாகிப் போன சாவு. மகன்கள் அப்பாவு மாஸ்டரின் செட்டையே ஏற்பாடு செய்தார்கள். மருமகளும் வாசிக்கட்டுமே என்று சொந்தக்காரர்களில் சிலர் சொன்னார்கள். மணவாளன் பந்தல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அருணா அன்று கோட்டுப் போடவில்லை. முத்தம்மாளோடு பெண்கள் நடுவில் நடந்து, தெருமுனையில் எல்லோரோடும் நின்றாள். செட்டு அவளைத் தாண்டிப் போயிற்று. புதிதாக வந்த டிரம்பெட்காரர் நன்றாகவே வாசித்தார்.

சடங்கெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து குளித்த பிறகு மணவாளன் அவளைக் கூப்பிட்டார். பல மாதம் கழித்து அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"இன்னிக்கு அவங்க வாசிச்சது ஒரு மாதிரி வெளுத்துப் போயிருந்துச்சு. இன்னா கொற அதுல?"

"கீழ் சத்தம் இல்ல மாமா."

"அது நீ வாசிக்கிறதா?"

"ஆமா."

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"செரி. ஆனா நான் போனா நீ அத எடுக்காத. அத்தைகூட நின்னுக்கினு அழு. அது போதும் எனக்கு."

"செரி மாமா" என்றாள் அருணா.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்கோட்டையில் ஒரு கல்யாணம். விடியற்காலையில் வேன் வந்து நின்றபோது மணவாளன்தான் கதவைத் திறந்து, வண்டி வந்துவிட்டது என்று உள்ளே குரல் கொடுத்தார்.