நெடுந்தீவில் ரத்தான ரொறொன்ரோ ரிக்கற்

வெள்ளிக்கிழமை காலை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறினோம், நானும் என் தம்பி குகனும். நான் கொழும்பு வெள்ளவத்தையில் கணக்கியல் படிப்பிக்கிறவள். குகன் இலண்டனில் இருக்கிறான். கப்பல் எஞ்சின் திருத்துகிற வேலை. எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் பழுதாகி நின்றாலும் அவனைத்தான் அனுப்புவார்கள். மாதத்தில் பாதி நாள் விமானத்தில் கழியும்.

பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல் விரிந்தது. மண்டைதீவுச் சந்தியில் மீன்பெட்டிகளோடு இரண்டு பெண்கள் ஏறி, எங்களுக்கு முன் இருக்கையில் அமர்ந்து, முதல்நாள் சந்தையில் யாரோ ஏமாற்றியதைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு கடலுக்கு நடுவே போகிற புங்குடுதீவுத் தாம்போதி. முப்பது கிலோமீற்றர் அளவுதான் தூரம். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

தாம்போதியில் போகும்போது குகன் தன் விமானப் புள்ளிகளைப் பற்றிச் சொன்னான். அடிக்கடி பறப்பவர்களுக்கு விமானக் கம்பனிகள் புள்ளி சேர்த்துக் கொடுக்கும். போதிய அளவு சேர்ந்தால் அதைக் கொண்டே காசில்லாமல் விமான ரிக்கற் எடுக்கலாம்.

"பாதிப் புள்ளி வருச முடிவோட செத்துப்போகும் அக்கா. அதில கொஞ்சத்தைப் போன மாதம் வித்துப்போட்டன். பாரிஸில இருக்கிற ஒராள், மனோகரன் எண்டு. முகநூலில பழக்கம். அவருக்கும் மனிசிக்கும் மொன்றியல் போக ரிக்கற் எடுத்துக் குடுத்தன்."

"அது விக்கிற சாமானோ?"

"எல்லாரும் விக்கினம்" என்று சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தான். நானும் மேலே கேட்கவில்லை.

குறிகட்டுவானில் இறங்கி முதலில் நயினாதீவுக்குப் போனோம். கால்மணி நேரப் படகு. அம்மன் கோயில் மத்தியானப் பூசைக்கு நல்ல சனம். சிங்கள யாத்திரிகர்கள் வெள்ளை உடுப்பில் விகாரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். அன்னதான மடத்தில் சோறும் பூசணிக்காய்க் கறியும் பருப்பும் சாப்பிட்டோம். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் குகனின் இலையைப் பார்த்து, "தம்பி வெளிநாடோ? இன்னும் கொஞ்சம் போடச் சொல்லும்" என்றார். அவன் மூன்றாம் தரமும் சோறு வாங்கினான்.

பின்னேரம் குறிகட்டுவானுக்குத் திரும்பி நெடுந்தீவுப் படகில் ஏறினோம். கரை மறைந்ததும் அலை கூடியது. சீமெந்துப் பைகள், மரக்கறிக் கூடைகள், ஒரு சலவை இயந்திரம், எல்லாவற்றுக்கும் நடுவில் நாங்கள். ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு இறங்குதுறை தெரிந்தது.

துறையில் சரோஜா அக்கா காத்திருந்தார். பெரியம்மாவின் மகள். மாட்டுப் பட்டியும் பால் வியாபாரமுமாக இருக்கிறவர். அறுபதை நெருங்கினாலும் நடையில் எங்களை முந்துவார். அவருடைய மகள் சுகந்தி ரொறொன்ரோவில். அந்த மாதம்தான் அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அக்காவுக்கு விசாவும் கிடைத்துவிட்டது, ரிக்கற்தான் எடுபடவில்லை. சுகந்தியின் கணவனுக்கு வேலை குறைந்துபோயிருந்த நேரம் அது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே குகன் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு மதிலடிக்குப் போனான். அங்கேதான் சிக்னல் கொஞ்சம் பிடிக்கும். திரும்பி வரும்போது முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா, உங்கட பாஸ்போட்டைத் தாங்கோ. என்னட்ட மிச்சம் இருக்கிற புள்ளியில உங்களுக்கு ரிக்கற் எடுக்கிறன். வாற மாதம் பேத்தியைத் தூக்கலாம்."

சரோஜா அக்கா குசினிக்குள் போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பாஸ்போட்டை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அன்று இரவே குகன் ரிக்கற்றை எடுத்துவிட்டான்.

சனிக்கிழமை விடிந்தபோது அக்காவின் வீட்டுத் தெருவான அந்த ஒழுங்கை முழுவதும் செய்தி போய்விட்டிருந்தது. பால் வாங்க வந்தவர்கள் பொதிகளோடு வந்தார்கள். கனடாவில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இந்த ஒழுங்கையில் கொஞ்சப்பேரில்லை. அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியல், பனங்கட்டி, கருவாடு, ஒரு சீலை. அக்கா ஒவ்வொன்றையும் வாங்கி மேசையில் அடுக்கினார்.

நானும் குகனும் ஓட்டோ பிடித்துத் தீவைப் பார்க்கப் போனோம். ஓட்டிய சந்திரன் அண்ணை கதைப்பது குறைவு. கேட்டால் சொல்வார். கடலில் விளைகிற முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள், சாந்தே இல்லாமல், வீதி நெடுகிலும் எங்களோடு கூடவே வந்தன. குடம்போலப் பருத்த பெருக்கமரத்தின் அடியில் நின்று படம் எடுத்தோம். மேற்குப் புல்வெளியில் குதிரைகள் கூட்டமாக நின்றன. கிட்டப் போனதும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேயத் தொடங்கின.

"ஆரின்ர குதிரையள், அண்ணை?"

"ஒருத்தற்றையும் இல்லை. பிடிக்கவும் ஏலாது, விக்கவும் ஏலாது. சட்டம்."

ஒல்லாந்தர் கோட்டையடியில் நிற்கும்போதுதான் அழைப்பு வந்தது. குகன் காதில் வைத்துக் கேட்டான். மறுபக்கத்தில் ஒரு ஆணின் குரல் உயர்ந்து உயர்ந்து போவது எனக்கும் கேட்டது.

பாரிஸ் மனோகரன். விமான நிலையத்தில் மனைவியோடும் பெட்டிகளோடும் நிற்கிறார். அண்ணனின் மகளுக்கு மொன்றியலில் கலியாணம். கவுண்டரில் ரிக்கற் ரத்து என்று சொல்லிவிட்டார்கள்.

குகன் மின்னஞ்சலைத் திறந்தான். இரண்டு நாளுக்கு முன்னமே கம்பனி எழுதியிருந்தது. இந்தப் பயணிகள் உங்களுக்கு என்ன உறவு, விளக்கம் தாருங்கள் என்று. வழக்கமான விளம்பரம் என்று நினைத்து அவன் திறக்கவேயில்லை. அன்று காலை வந்த கடிதம் இன்னும் சுருக்கம். புள்ளிகளை விற்றது விதிக்கு மாறு. கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. மிச்சப் புள்ளிகள் இல்லை. அந்தக் கணக்கிலிருந்து எடுத்த, இன்னும் பயணம் செய்யாத ரிக்கற்றுகள் எல்லாம் ரத்து.

"எல்லாம் எண்டால்?" என்று கேட்டேன்.

"சரோஜா அக்காவின்ரையும்தான்."

கோட்டைச் சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டான். "அக்காவுக்குச் சும்மா எடுத்துக் குடுத்தது பிழையில்லை. சொந்தக்காரருக்கு எடுக்கலாம் எண்டு விதியிலயே இருக்கு. வித்ததுதான் பிழை. அந்தப் பிழை இதையும் இழுத்துக்கொண்டு போட்டுது."

சந்திரன் அண்ணை தூரத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மேசையில் இருந்த பொதிகள்தான் கண்ணுக்குள் நின்றன.

குகன் எழும்பினான். சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இறங்குதுறைக்குப் போகச் சொன்னான். அங்கே நின்று மனோகரனுக்குத் திருப்பி எடுத்தான். "அண்ணை, பிழை என்னில. உங்கட காசு முழுக்க இப்பவே போடுறன். அடுத்த விமானத்துக்கு ரிக்கற் பாருங்கோ. விலை கூடினால் அதையும் நான் தாறன்." மறுபக்கம் ஏசியது. அவன் ஓம் ஓம் என்று கேட்டான். காசு போய்ச் சேரும் வரைக்கும் வெயிலிலேயே நின்றான். பிறகு என்னைப் பார்த்து, "இனி அக்காவிட்ட சொல்லவேணும்" என்றான்.

பால் கறக்கிற நேரம். சரோஜா அக்கா பசுவின் அருகே குந்தியிருந்தார். குகன் பக்கத்தில் குந்தி, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அக்காவின் கை ஒருதரம் நின்றது. பிறகு மறுபடியும் பால் விழுகிற சத்தம்.

"அப்ப அந்த மனிசன் கலியாணத்துக்குப் போய்ச் சேருமோ?"

"ரிக்கற் எடுத்திட்டாராம் அக்கா. தாலிகட்டுக்கு நேரத்துக்குப் போகேலாது. விருந்துக்குப் போயிடுவார்."

"அது போதும்." வாளியைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். இரண்டடி வைத்துவிட்டு நின்றார். "எனக்கு ஆசை காட்டாமல் இருந்திருக்கலாம், தம்பி" என்றார். வாளியோடு உள்ளே போனார். அன்றைய நண்டுக் கறியில் உப்புக் கூடியிருந்தது. மூவரும் சாப்பிட்டு முடித்தோம்.

ஞாயிறு காலை அக்கா முந்திவிட்டார். நாங்கள் எழும்பும்போது அவர் ஒழுங்கையில் நின்று பக்கத்து வீட்டு ராணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இப்ப இல்லை, ராணி. பிறகுதான் போறன். உன்ர கருவாட்டைக் கொண்டுபோ, பழுதாப்போகும்." ராணி வாங்கவில்லை. "நீங்கள் போகேக்க வேற தாறன். இதைத் தம்பியாக்கள் சாப்பிடட்டும்." மற்றவர்களும் அதையே சொன்னார்கள். யாரும் குகனை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. ஒருத்தர் மட்டும், தன் மருமகனும் இப்படிப் புள்ளி விற்கிறான், விதியை விளக்கமாக எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். குகன் படியில் இருந்து எழுதிக் கொடுத்தான்.

அதற்குள் சுகந்தி அழைத்தாள். குகன் அவளிடமும் சொன்னான். அவள் சிரித்தாள். "குகன் மாமா, இஞ்ச இப்ப பனி. அம்மா வந்தால் வீட்டுக்குள்ளதான் இருக்கவேணும். சித்திரை வரைக்கும் பொறுங்கோ. ரிக்கற் காசில பாதியை நான் போடுறன்." சித்திரையில் சாதாரண ரிக்கற் எடுப்பதாக முடிவானது. அக்கா தொலைபேசியை வாங்கி, குழந்தையைக் காட்டச் சொல்லி, அது கண் திறக்கும் வரைக்கும் வைத்துக்கொண்டே இருந்தார். திரும்பத் தரும்போது முகம் தெளிந்திருந்தது.

அன்றே எங்கள் படகு துறையைவிட்டு விலகியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. அக்கா நின்ற இடத்தில் நின்றார். கொழும்பில் எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே எனக்குச் சரியாகத் தெரியாது; என் வீட்டில் நல்லது கெட்டது நடந்தால் அவருக்கும் தெரியவராது. இங்கே ஒரு இரவில் ஒழுங்கை முழுக்க மகிழ்ந்தது, ஞாயிறு காலை ஒழுங்கை முழுக்க ஏமாந்தது, அந்தக் காலையிலேயே ஒழுங்கை முழுக்கப் பொறுத்துக்கொண்டது. குகன் வழியெல்லாம் நித்திரை கொண்டான். அவன் அப்படி அயர்ந்து தூங்கி நான் வெகுகாலம் கண்டதில்லை.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு சரோஜா அக்கா கொழும்புக்கு வந்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். வழி முழுக்க என் கையை விடவில்லை. கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பெட்டிகளை நிறுத்தாள், இருக்கை எண் அச்சிட்ட அட்டையை நீட்டினாள்.

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவுதானோ, பிள்ளை?"

"ஓம் அக்கா. இவ்வளவுதான்."