சாச்சாவுக்கும் போன மெசேஜ்

அப்பாவுக்கு மெசேஜை ஆள் பார்த்து அனுப்பத் தெரியாது. எங்கள் தீவிலிருந்து கடல் தாண்டி மெயின்லேண்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் குடும்ப குரூப்பில் போடுவதை எல்லாம், விடிந்ததும் தன் ஃபோனில் இருக்கும் அத்தனை பேருக்கும் தள்ளிவிடுவார். நான் சாச்சா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். ஹேடோவில் கப்பல் சரக்கு இறக்கும் இடத்தில் அப்பாவோடு முப்பது வருஷம் வேலை பார்த்த முஸ்லிம் அவர். தமிழ் படிக்கத் தெரியாது. இருவரும் பேசுவது ஹிந்தியில்.

ஒருநாள் எங்கள் ஷாதிபூர் வீட்டு கேட்டருகே சாச்சா ஃபோனை என்னிடம் நீட்டினார். "பேட்டி, இதர் க்யா லிக்கா ஹை?"

மகளே, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அப்பா அனுப்பியிருந்த மெசேஜைப் படித்தேன். முஸ்லிம் கடையில் எதுவும் வாங்காதீர்கள், அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள் என்றிருந்தது. "தினமும் வாக்கிங் போகணும் என்று போட்டிருக்கிறது சாச்சா" என்று ஹிந்தியில் புளுகினேன்.

உள்ளே போய் அப்பாவிடம் கத்தினேன். "அது அவனப் பத்தி இல்லம்மா" என்றார்.

"அப்போ யாரப் பத்தி?"

அப்பா ஃபோனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அப்பாவுக்கு வேறு சிநேகிதரும் கிடையாது. இருக்கிற ஒருவரையும் இழந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. ஃபோனைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா சிரித்தாள். "எனக்கும் அதே குரூப்புதான், அதே மெசேஜ்தான். நான் யாருக்காச்சும் அனுப்புனனா? நீ ஸ்கூல் படிக்கறப்பவே அவங்க வீட்ல தண்ணி குடிக்காதன்னவரு உங்கப்பா. அப்ப எந்த ஃபோன் இருந்துச்சு?"

அதே அப்பாதான் சாச்சாவுக்கு ஆபரேஷன் என்றதும் ஓடிப்போய் ரத்தம் கொடுத்தவர். இந்த மனுஷரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மூன்று நாள் அப்பா எதுவும் அனுப்பவில்லை, வெளியே தலைகாட்டவும் இல்லை. நான்காம் நாள் காலை சாச்சாவே வாசலில் வந்து நின்றார். மெசேஜ் வரவில்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்.

அப்பா நிமிர்ந்து பார்க்காமல், "நான் அனுப்பியதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது" என்றார்.

தெரியும் என்றார் சாச்சா. கடைவீதியில் ஒரு தமிழர் ஒரு வருஷமாகவே அவருக்குப் படித்துச் சொல்லி வந்திருக்கிறார். உன் மகளும் அப்படித்தான் நினைக்கிறாளா என்று தெரிந்துகொள்ளத்தான் அவளிடம் கேட்டேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா கதவை அகலத் திறந்து, "அந்தர் ஆ, யார்" என்று சிநேகிதரை உள்ளே கூப்பிட்டார்.

இத்தனை வருஷமும் அவர்கள் கேட்டருகே நின்றபடியேதான் டீ குடித்திருக்கிறார்கள். அதில் எனக்கும் எதுவும் தப்பாகப் பட்டதில்லை. சாச்சா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கே உட்காரட்டும் என்று கேட்டார்.